அக்கரையில் நின்றுபோன கிடாய்

லானார்க் ஆட்டுச் சந்தை, ஸ்காட்லாந்து
13 அக்டோபர் 2021

டிம்ப்னா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுக்கிறவர் பெயர் டூகல். அவருடைய லாரியில் என் செம்மறிக் கிடாய் ஒன்று நிற்கிறது. தயவுசெய்து அதை இறக்கிக்கொள். நீ முடியாது என்றால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. இப்போது முதல் வார்த்தையாக ஓர் ஆட்டை அனுப்புவது அழகில்லைதான். ஸ்காட்லாந்தில் நிலம் வைத்திருக்கிறவர்களில் எனக்குத் தெரிந்தது நீ ஒருத்திதான்.

நடந்ததைச் சொல்கிறேன். விற்கத்தான் கொண்டுவந்தேன். ஏலத்தில் இரண்டே பேர் கேட்டார்கள், அதுவும் இறைச்சிக்குக் கேட்கிற மாதிரி. அப்பா முப்பது வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வம்சத்தை அப்படிக் கொடுக்க மனம் வரவில்லை. விற்பதில்லை என்று தலையை ஆட்டிவிட்டேன். முன்பெல்லாம் விற்காத கிடாயை அன்று மாலைக் கப்பலிலேயே வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவோம். இந்த ஜனவரியிலிருந்து அது முடியாது. நம் பிரிட்டிஷ் ராஜ்ஜியம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தபோது, கால்நடை விஷயத்தில் நம் வட அயர்லாந்தை மட்டும் உள்ளே விட்டுவிட்டு வந்திருக்கிறது. இங்கே கால் வைத்த ஆடு ஆறு மாதம் இங்கேயே இருந்து, ரத்தப் பரிசோதனை முடித்துத்தான் திரும்ப வேண்டும்.

அலுவலரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"ஐயா, நேத்து அங்கிருந்து வந்த ஆடுதானே இது?"

"ஆமா."

"அப்ப இன்னிக்கு அங்க போனா என்ன?"

"நேத்து அது உங்கூர் ஆடு. இன்னிக்கு வெளிநாட்டு ஆடு."

சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. விற்றுவிடும் என்று நம்பினேன், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயம். உன் ஆடுகளோடு இதைச் சேர்க்காதே. என் மந்தை மூளைநோய்க் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறது. உன்னுடையது இல்லை. ஒரு நாள் ஒன்றாக மேய்ந்தாலும் இதற்கு வீடு திரும்பும் தகுதி போய்விடும். நடுவில் ஒரு சுவராவது இருக்கட்டும்.

போன் செய்தால் நீ வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

மாலக்கி

*

சவுத்தெண்ட், கின்டயர்
17 அக்டோபர் 2021

மாலக்கி,

இறக்கிவிட்டோம். மழையில் ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்த மனுஷனை வாசலோடு திருப்பி அனுப்புகிற பழக்கம் இந்த வீட்டில் இல்லை.

உன் அத்தான் ஹெக்டர் பால் கறந்துவிட்டு வந்து, கொம்பு இரண்டும் சுருண்டு நிற்கிற உன் ஆளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யாரோடது?"

"என் தம்பியோடது."

"இதாவது பேசுமா, இல்ல உங்க வீட்டாளுங்க மாதிரிதானா?"

கன்றுக்கொட்டிலுக்குப் பின்னால் சுவர் வைத்த சின்ன வயல் இருக்கிறது, அதில் விட்டிருக்கிறேன். நன்றாகத் தின்கிறது. ஹெக்டர் அதை 'விருந்தாளி' என்று கூப்பிடுகிறார்.

உனக்கு ஒன்றை நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை. ஐரோப்பாவை விட்டு வெளியேற வேண்டும் என்று ஓட்டுப் போட்டவன் நீ. உன் ஊரில் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். சமையலறையில் அம்மாவை வைத்துக்கொண்டுதான் சொன்னாய்: "மானியம் குடுக்க ஐரோப்பாக்காரனுங்க வானத்துலேந்து படம் புடிச்சு, என் மலையில எது புல்லு எது புதருன்னு எனக்கே சொல்றானுங்க. போதும்டா சாமி." அம்மாகூடச் சிரித்தாள். இப்போது என்ன ஆயிற்று? உன் மலையை அளக்கிறவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். உன் கிடாய்தான் வெளியேறி என் வீட்டுக்கு வந்திருக்கிறது.

இன்று வானம் தெளிவாக இருந்தது. பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து பார்த்தால் டோர் மலை தெரிகிறது, அதன் கீழே உன் வெள்ளைச் சுவரும். பதின்மூன்று மைல் கடல். நல்ல கண் இருந்தால் உன் கிடாயே அதைப் பார்க்கலாம்.

டிம்ப்னா

*

டோர், அன்ட்ரிம்
4 நவம்பர் 2021

அக்கா,

இறக்கிக்கொண்டதற்கு நன்றி. ஹெக்டர் அத்தானுக்கும் சொல்.

இங்கே ஒரு கெட்ட செய்தி. வீட்டிலிருந்த பெரிய கிடாய் செத்துப்போயிற்று. போன சனிக்கிழமை வாய்க்காலில் மல்லாக்க விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறது. காலையில் நான் போவதற்குள் காக்கைகள் முந்திவிட்டன. அதன் மகன்தான் உன்னிடம் இருப்பது. இன்னும் இரண்டு வாரத்தில் தாய் ஆடுகளோடு கிடாய் சேர்க்க வேண்டும். நூற்றுப் பத்து ஆடுகள் மலையில் நிற்கின்றன, ஒரு கிடாய் இல்லை.

ஸ்காட்லாந்திலிருந்து வேறொன்று வாங்கலாம் என்றால், கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிற மந்தையாகப் பார்த்து, காகிதம் தயார் செய்து வருவதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிடும். பக்கத்துப் பண்ணைகளில் கேட்டேன், அவர்களுக்கே போதவில்லை. கடைசியில் அயர்லாந்துக் குடியரசுப் பக்கம், டொனிகாலுக்குப் போனேன். அப்பா காலத்தில் டொனிகால் ஆடு என்றாலே நம் வீட்டில் முகம் சுளிப்பார்கள், உனக்குத் தெரியும். எல்லையில் ஒருவரும் இல்லை. வேகப் பலகையில் மைல் போய் கிலோமீட்டர் வந்தது, அதுதான் எல்லை. பீடர் என்று ஒரு வயதான ஆள், கிடாயை வண்டியில் ஏற்றிக்கொண்டே என்னைப் போட்டுத் தாளித்துவிட்டார்.

"அப்ப, உங்க ராஜ்ஜியத்து ஆடு உங்க ராஜ்ஜியத்துக்குள்ள வரக் கூடாது. எங்க நாட்டு ஆடு வரலாம். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"நல்ல ராஜ்ஜியம்யா! விட்டுடாதீங்க, கெட்டியாப் புடிச்சுக்குங்க."

சிரித்தேன். வேறென்ன செய்வது? இரண்டே காலுக்கு அங்கே கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு வந்துவிட்டோம். கெட்டியான தலை, குட்டைக் கால், சாது. அப்பா பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்வார்.

ஓட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அளக்கிறவர்களுக்கு எதிராகத்தான் போட்டேன். கடலுக்கு நடுவில் கோடு போடச் சொல்லிப் போடவில்லை. அந்தச் சீட்டில் கடலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

உன்னிடமிருப்பது ஏப்ரல் பதிமூன்றில் ஆறு மாதம் முடிக்கிறது. இப்போது எனக்கு மிஞ்சியிருக்கிற ஒரே பழைய ரத்தம் அதுதான். சுவரைப் பார்த்துக்கொள்.

மாலக்கி

*

சவுத்தெண்ட்
28 நவம்பர் 2021

மாலக்கி,

பெரிய கிடாய் போனதற்கு வருத்தப்படுகிறேன். உண்மையாகத்தான்.

விருந்தாளி நலம். ஆனால் தனியாக நிற்கிறது. என் நாற்பது ஆடுகளும் சுவருக்கு அந்தப் பக்கம் மேய்கின்றன. அது காலையிலிருந்து கேட்டில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்று, அடித்தொண்டையில் ஒரு சத்தம் போடுகிறது. எனக்கு டிசம்பரில் பக்கத்துப் பண்ணைக்காரர் கிடாய் தருவது வழக்கம். அதுவரை என் ஆடுகளும் சும்மாதான் இருக்கின்றன. பார்க்கப் பாவமாக இருக்கிறது.

ஆட்டைப் பற்றி எழுதி எழுதி மற்றதை எழுதாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

அம்மா திங்கட்கிழமை விடிகாலையில் போனாள். நான் செவ்வாய்க்கிழமை பிற்பகல் கெய்ர்ன்ரயன் துறைமுகத்தில் நின்றேன். காற்று வண்டிக் கதவைத் திறக்க விடவில்லை. கப்பல் எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். புதன்கிழமை முழுக்கக் கிடையாது, வியாழன் காலை முதல் கப்பல் என்றார்கள். உனக்குப் போன் செய்தேன். "ஒரு நாள் பொறு, மாலக்கி. ஒரே நாள்" என்றேன். நீ என்ன சொன்னாய்? "மூணாம் நாள் எடுத்தாகணும்க்கா. எல்லாருக்கும் சொல்லியாச்சு."

எல்லாருக்கும் சொல்லியாச்சு. எனக்கு?

புதன் பதினொரு மணிக்கு அங்கே அடக்கப் பூசை ஆரம்பித்தபோது நான் துறைமுகத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து ஃபிளாஸ்கில் இருந்த ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். கடல் கொந்தளித்ததைக்கூட மன்னித்துவிட்டேன். நீ பொறுக்காததை மன்னிக்கவில்லை. அதன் பிறகு வந்த தொற்றுக்காலம் நம் இருவருக்கும் நல்ல சாக்காகிவிட்டது.

டிம்ப்னா

*

டோர்
8 டிசம்பர் 2021

அக்கா,

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

நம் ஊரில் மூன்றாம் நாள் எடுப்பது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. சாமியாருக்கு வியாழக்கிழமை வேறு பங்கில் பூசை இருந்தது. தூக்குவதற்கு ஆறு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு நாள் மழையில் அது தாங்கியிருக்காது. இதெல்லாம் நான் உண்டாக்கியதில்லை.

அம்மா படுத்திருந்த கடைசி ஏழு மாதமும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். அதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. நான் பொறுக்கவில்லை என்று மட்டும் எழுதுகிறாயே, அதற்காக எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு உனக்குச் சொன்னேன். அன்று இரவுக் கப்பல் ஓடியது. காற்று வரப்போகிறது என்று வானொலியில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ ஒரு நாள் முன்னால் கிளம்பியிருந்தால் நான் பொறுக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

டொனிகால் கிடாய் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

மாலக்கி

*

சவுத்தெண்ட்
10 மார்ச் 2022

மாலக்கி,

மூன்று மாதமாக எழுதவில்லை. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். முதலில் உனக்குத் தெரிய வேண்டியது: உன் கிடாய் வீட்டுக்கு வர முடியாது. ஏப்ரலிலும் முடியாது, எப்போதும் முடியாது.

கால்நடை மருத்துவர் நேற்றுக் காகிதங்களோடு வந்தார். இளம்பெண், நல்ல மாதிரி. ரத்தம் எடுத்தார். பிறகு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "வந்த நாள்லேந்து இது தனியாத்தானே இருந்துச்சு?"

ஹெக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடு என்று அவர் கண் சொன்னது. சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார்.

"இல்லம்மா" என்றேன். "டிசம்பர் பதினொண்ணாம் தேதிலேந்து நாப்பது ஆட்டோட இருந்துச்சு."

அவர் பேனாவை மூடிவிட்டார். கோபப்படவில்லை. "பரிசோதனை எல்லாம் சுத்தமாவே வரலாம். ஆனா நான் அங்க அனுப்ப முடியாதுங்க. பட்டியல்ல இல்லாத மந்தையோட சேந்துடுச்சு" என்றார். பொய் சொல்லி அனுப்பியிருந்தால், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் உன் நூற்றுப் பத்து ஆடுகளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதைச் செய்ய முடியவில்லை.

இனி காரணம். சுவர் இடியவில்லை. கிடாய் தாண்டவில்லை. கேட்டின் கொக்கி கழன்றுவிட்டது என்று எழுதலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன். அன்று உன் கடிதம் வந்தது. சமையலறையில் நின்றபடியே படித்தேன். நான் ஒரு நாள் முன்னால் கிளம்பியிருந்தால் என்று நீ எழுதிய அந்த வரியைப் படித்துவிட்டு, கோட்டுகூடப் போடாமல் நடந்துபோய், நான்தான் திறந்தேன். என்ன ஆகும் என்று தெரிந்தே திறந்தேன். உன்னை அடிக்க என் கையில் இருந்தது அந்த ஒன்றுதான்.

அது உள்ளே போனதும் கேட்டை மூட வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் மூடிப் பயனில்லை.

டிம்ப்னா

*

டோர்
19 மார்ச் 2022

டிம்ப்னா,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு முறை படித்தேன்.

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னது சரி. மற்றதைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ள முடியாததை எழுதிவிடுவேன். அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

கிடாயை நீயே வைத்துக்கொள், அல்லது என்னவோ செய். எனக்குத் தெரிவிக்க வேண்டாம்.

மாலக்கி

*

சவுத்தெண்ட்
25 ஏப்ரல் 2022

மாலக்கி,

தெரிவிக்க வேண்டாம் என்றாய். இருந்தாலும் கிடாயின் சொந்தக்காரனுக்கு ஒரு தகவல்: நாற்பதில் முப்பத்தேழு சினை. மே முதல் வாரக் கடைசியில் ஈனத் தொடங்கும். பாதிக்கு மேல் இரட்டை என்று ஸ்கேன் படம் எடுத்தவர் சொன்னார்.

ஹெக்டர் டிராக்டர் படியிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கிளாஸ்கோ மருத்துவமனையில் இருக்கிறார். ஆபரேஷன் நன்றாக நடந்தது, நர்ஸுகளோடு சண்டை போடுகிறார், ஆகவே பிழைத்துவிட்டார். பசுக்களைப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கறந்து தருகிறார்கள். ஆடுகளை நானே பார்த்துக்கொள்வேன்.

உதவி கேட்டு இதை எழுதவில்லை. எனக்கு அறுபத்தொன்று ஆகிறது, கை மணிக்கட்டு முன்போல இல்லை என்பதும் வெறும் தகவல்தான்.

டிம்ப்னா

*

டோர்
30 ஏப்ரல் 2022

அக்கா,

என் ஆடுகள் அநேகமாக ஈன்று முடித்துவிட்டன. டொனிகால் குட்டிகள் பரங்கிக்காய் மாதிரி இருக்கின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை. பீடர் பார்க்க வந்து, "உங்க ராஜ்ஜியத்துல எங்க ஆளுங்க நல்லா செழிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மீதியை அவர் மகள் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

வியாழக்கிழமை காலைக் கப்பலில் வருகிறேன். கால்நடை இல்லாமல் வருகிற ஆளை ஒருவரும் எதுவும் கேட்பதில்லை, விசாரித்துவிட்டேன். பூட்ஸை மட்டும் கழுவிக்கொண்டு வந்தால் போதும்.

கோபம் தீரவில்லை. அதையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். அதற்குக் காகிதம் வேண்டாம்.

மாலக்கி

*

சவுத்தெண்ட்
24 மே 2022

அன்புள்ள மாலக்கி,

நீ போய் மூன்று நாள் ஆகிறது. ஹெக்டர் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் வேலையாக வயலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். பிழைத்து நிற்கிற ஐம்பத்திரண்டு குட்டிகளையும் பார்த்துவிட்டு, "எல்லாம் உன் தம்பி மாதிரியே உம்முன்னு இருக்குது" என்றார். விருந்தாளியை என் பேருக்கு மாற்றி நீ கையெழுத்துப் போட்ட காகிதம் அலமாரியில் இருக்கிறது. அடுத்த வாரம் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். என் மந்தையையும் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்க எழுதிப் போட்டுவிட்டேன். அதற்குச் சில வருஷம் ஆகும் என்கிறார்கள். ஆனால் என்ன? ஒருநாள் இதன் பேரன் ஒன்று உன் மலைக்கு முறைப்படி வரட்டும்.

பதினாறு நாள் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். ஆட்டைப் பற்றி, வானிலையைப் பற்றி, ஹெக்டரின் இடுப்பைப் பற்றிப் பேசினோம். மற்றதைப் பேசவில்லை. நீ பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். நீ பேசியது என் காதில் விழுந்துவிட்டது.

அந்தக் கறுப்பு முகத்து ஆடு தலைமாறிக் கிடந்த குட்டியை ஈன முடியாமல் தவித்ததே, அந்தக் காலை. நீ முழங்கை வரை கையை உள்ளே விட்டு மண்டியிட்டிருந்தாய். நான் வெந்நீர் வாளியோடு கொட்டில் வாசலில் நின்றேன். நீ ஆட்டிடம் பேசிக்கொண்டிருந்தாய்.

"பொறும்மா. பொறு. அவசரப்படாத. நான்தான் பொறுக்கல. ஒரு நாள் பொறுத்திருக்கணும். தண்ணியாவது குழியாவது... பயந்துட்டேன்டி. அம்மா இல்லாத வீட்ல இன்னொரு ராத்திரி உக்கார முடியல. சீக்கிரம் முடிஞ்சா போதும்னு இருந்துச்சு."

நான் சத்தமில்லாமல் பின்னால் போய், மறுபடி காலைத் தேய்த்து நடந்து வந்தேன். குட்டி அதற்குள் வெளியே வந்துவிட்டது. நீ வைக்கோலால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. துறைமுகத்தில் உன்னை இறக்கிவிட்டபோதும் வரவில்லை. "பார்த்துப் போ" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது எழுதுகிறேன். நீ டிசம்பரில் எழுதியது சரி. திங்கட்கிழமை இரவுக் கப்பலை நான் பிடித்திருக்கலாம். காலை ஏழு மணிக்கு நீ சொன்னாய். ஒன்பது மணிக்கு நான் கிளம்பியிருக்க வேண்டும். நான் கேம்பல்டவுனுக்குப் போனேன். கறுப்புக் கோட்டு வாங்க. பழைய கோட்டின் முழங்கை பளபளத்துப் போயிருந்தது. டோர்க்காரர்கள் எல்லோரும் வந்திருப்பார்களே, ஸ்காட்லாந்தில் வாக்கப்பட்டவள் இப்படி வந்து நிற்கிறாளே என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. இரண்டு கோட்டைப் போட்டுப் பார்த்தேன், மாலக்கி. ஒன்றில் கை நீளமாக இருந்தது, மடித்துத் தைத்துத் தருகிறேன் என்றாள் கடைக்காரி, சரி என்று உட்கார்ந்திருந்தேன். அம்மா அங்கே கிடக்க, நான் கடையில் உட்கார்ந்து கை மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வரும்போது நான்கு மணி. சாலை இருட்டிவிட்டது, காலையில் போகலாம் என்று ஹெக்டரிடம் சொன்னேன். வானொலி எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. உன்மேல் பழியைப் போட்டுவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை என்று இருந்தேன். நீ அந்த வரியை எழுதியபோது உனக்கு இது தெரிந்துவிட்டதோ என்று பயந்துதான் கேட்டைத் திறந்தேன்.

அந்தக் கோட்டை இதுவரை ஒருமுறைகூடப் போட்டதில்லை. துறைமுகத்தில் பையிலேயே இருந்தது, பையோடு திரும்பி வந்தது.

ஆகஸ்டில் தீவனப் புல் அறுப்பு முடிந்ததும் வருகிறேன். காற்றில்லாத வாரமாகப் பார்த்து, ஒரு நாள் முன்னாலேயே. வெயில் எப்படி அடித்தாலும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அம்மாவிடம் போவேன். ஊரார் என்ன வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். நீயும் கூட வா.

உன் அக்கா,
டிம்ப்னா